மாற்றியமைத்த ஸ்போர்ட்ஸ் காரில் முன்பக்கக் காற்றோட்டமும் எஞ்சின் சூடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்போ ஏற்றிய பிறகு, பம்பரை மாற்றிய பிறகு, அல்லது முதல்முறை டிராக்கில் ஓட்டிப் பார்த்த பிறகு வரும் கேள்விகள் இவை. நான் பல வருடங்களாக என் காரிலும் நண்பர்களின் கார்களிலும் இந்த வேலையைச் செய்து வருகிறேன். முதல் நாலைந்து பதில்களில்தான் விஷயம் இருக்கிறது; அவற்றை நிதானமாகப் படியுங்கள்.

பெரிய அலுமினிய ரேடியேட்டர் மாட்டினேன். இன்னும் சூடாகிறது. ஏன்?

பெரும்பாலும் காற்று ரேடியேட்டருக்குள் போகாமல் அதைச் சுற்றிக்கொண்டு போவதால்தான்.

தண்ணீர் பள்ளம் தேடி ஓடுவதுபோல, காற்று எளிதான வழியைத் தேடி ஓடும். ரேடியேட்டரின் கோர் என்பது நெருக்கமான ஃபின்கள் (மெல்லிய உலோக இதழ்கள்) நிறைந்த ஒரு தடுப்பு. பம்பர் வாய்க்கும் கோருக்கும் நடுவே, பக்கத்தில், மேலே, கீழே எங்கே இடைவெளி இருந்தாலும் காற்று அந்தப் பக்கம்தான் போகும். புதிய ரேடியேட்டர் பழையதைவிடத் தடிமனாக இருந்தால் தடையும் அதிகம். அப்போது பழைய ரேடியேட்டருக்குள் போன காற்றைவிடக் குறைவாகவே இதற்குள் போகும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். டிராக்கில் தொடர்ந்து ஓடும் ஒரு எஞ்சின் கூலன்ட் (எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சுற்றும் குளிர்விப்புத் திரவம்) வழியாக 60 கிலோவாட் வெப்பத்தை வெளியே தள்ள வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோரைக் கடக்கும் காற்று 40 டிகிரி சூடேறி வெளியே போகிறது என்றால், வினாடிக்கு 1.5 கிலோ காற்று தேவை. அது ஏறத்தாழ 1.25 கன மீட்டர். ஒவ்வொரு வினாடியும் ஒரு பெரிய பீரோ அளவு காற்று அந்த மெல்லிய ஃபின்களுக்கு நடுவே புகுந்து வர வேண்டும். அதில் கால்வாசி பக்கவாட்டில் நழுவினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

இதனால்தான் புது ரேடியேட்டர் வாங்கும் முன், இருக்கும் ரேடியேட்டரைச் சுற்றியுள்ள இடைவெளிகளை அடையுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். காற்று உள்ளே வந்தால் தப்ப வழி இருக்கக் கூடாது. கோரைக் கடந்த பிறகு வெளியேற வழி இருக்க வேண்டும்.

எந்த வேகத்தில் சூடாகிறது என்று கேட்கிறார்கள். அது ஏன் முக்கியம்?

பாதி நோயறிதல் அதிலேயே முடிந்துவிடும்.

நெரிசலில், சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்குகிறது என்றால் ஃபேன், ஃபேன் ஷ்ரவுட் (ஃபேனுக்கும் கோருக்கும் நடுவே இருக்கும் கூடு), அல்லது சூடான காற்று சுற்றி மீண்டும் முன்னால் வருவது ஆகியவற்றில் ஒன்றுதான் காரணம். மெதுவாகப் போகும்போது சரியாக இருந்து வேகத்தில் ஏறுகிறது என்றால், காற்று வெளியேற வழி இல்லை, கோர் போதவில்லை, அல்லது கூலன்ட் ஓட்டம் குறைவு. வேகம் எதுவானாலும் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் காற்றை விட்டுவிட்டு எஞ்சினைப் பாருங்கள். அதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

ஓடும் காரின் முன்முகத்தில் விழும் காற்றழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும்: வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் அது சுமார் 115 பாஸ்கல். 100 கி.மீ. வேகத்தில் 460. 200 கி.மீ. வேகத்தில் 1,850. 50 கி.மீ. வேகத்தில் கிடைப்பது தண்ணீரைச் சுமார் 1.2 சென்டிமீட்டர் உயர்த்தும் அழுத்தம் மட்டுமே. அவ்வளவு மெல்லிய தள்ளலை வீணாக்க முடியாது. அதனால்தான் குறைந்த வேகத்தில் ஃபேன் வேண்டும், 60, 70ஐத் தாண்டிய பிறகு ஃபேனுக்குப் பெரிய வேலை இல்லை.

காற்று எங்கே நழுவுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு வழி. இரண்டுக்கும் செலவு கிடையாது.

முதலாவது, இருட்டிய பிறகு பானெட்டைத் திறந்து, ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு டார்ச்சை ஏற்றி வையுங்கள். முன்னால் வந்து குந்தி, பம்பர் வாய் வழியாகப் பாருங்கள். ஃபின்களுக்கு நடுவே மங்கலாகத் தெரியும் வெளிச்சம் சரி. அதைத் தவிர ஓரத்தில், மூலையில், ரேடியேட்டர் சப்போர்ட்டுக்கு மேலே பளிச்சென்று தெரியும் ஒவ்வொரு கீற்றும் ஒரு ஓட்டை. என் காரில் முதல்முறை இதைச் செய்தபோது கோரின் இரண்டு பக்கமும் கை நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. அன்று வரை புது ஃபேன் வாங்குவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது, கோரின் முகத்தையே படியுங்கள். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய காரில் பூச்சியும் தூசியும் எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் காற்று போயிருக்கிறது. நடுவில் பம்பர் வாயின் வடிவத்திலேயே ஒரு செவ்வகம் அழுக்காக இருந்து, சுற்றிலும் அலுமினியம் புதிதுபோல் மின்னினால், அந்த மின்னும் பகுதி வேலையே செய்யவில்லை. காசு கொடுத்து வாங்கிய கோரில் பாதி சும்மா இருக்கிறது என்று அர்த்தம்.

டக்ட் எதில் செய்வது? எப்படிச் செய்வது?

டக்ட் என்பது பம்பர் வாயிலிருந்து கோர் வரை காற்றைக் கசியாமல் கொண்டுபோகும் கூடு. முதலில் அட்டை. பழைய அட்டைப்பெட்டியை வெட்டி, பம்பர் வாயின் ஓரத்திலிருந்து கோரின் ஓரம் வரை நான்கு பக்கமும் பொருத்திப் பாருங்கள். பம்பரைக் கழற்றி மாட்டிச் சரிபார்க்க மூன்று நாலு முறையாவது ஆகும். பொறுமை வேண்டும். வடிவம் சரியான பிறகு 1 மி.மீ. அலுமினியத் தகட்டிலோ மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டிலோ அதே அளவில் வெட்டிக்கொள்ளுங்கள்.

தகட்டின் விளிம்பு கோரைத் தொடும் இடத்தில் தண்ணீர் உறிஞ்சாத வகை ஃபோம் பட்டை ஒட்டுங்கள். சாதாரண ஸ்பாஞ்ச் மழையில் ஊறி, வெயிலில் பொடியாகிவிடும். தகட்டு விளிம்பு நேரடியாக ரேடியேட்டர் குழாய்களில் உரசக் கூடாது. அதிர்வில் அறுத்துத் துளை போட்டுவிடும். நண்பர் ஒருவர் காரில் ஒரே மாதத்தில் அப்படி ஆனது. ரேடியேட்டர் ரப்பர் மவுன்ட்டில் கொஞ்சம் ஆடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். டக்ட் பாடியோடு இருக்கட்டும், ஃபோம் அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்ளட்டும்.

கீழ்ப்பக்கத்தை மறக்காதீர்கள். மேலே பார்த்தால் தெரியும் ஓட்டையை எல்லாரும் அடைக்கிறார்கள். கீழே, பம்பருக்கும் ரேடியேட்டரின் அடிப்பகுதிக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் பல கார்களில் பெரியது.

பம்பரில் வாய் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

நினைப்பதைவிடச் சிறியது போதும். டக்ட் நன்றாக அடைத்திருந்தால், கோரின் முகப் பரப்பில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வாய் இருந்தால் வேகமாக ஓடும் காருக்குப் போதும். 60 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் உள்ள கோர் என்றால் 2,400 சதுர சென்டிமீட்டர். அதற்கு 800 சதுர சென்டிமீட்டர் வாய். நெரிசலிலும் ஓட்டுகிற கார் என்றால் இன்னும் கொஞ்சம் பெரிதாக வைக்கலாம், ஏனென்றால் அங்கே ஃபேன் உறிஞ்ச வேண்டும்.

சின்ன வாய் வழியாக வரும் காற்று, விரியும் டக்ட்டில் வேகம் குறைந்து அழுத்தம் கூடி, கோரின் முழு முகத்திலும் சமமாக அழுத்தும். கோரைத் தாண்டியதும் மீண்டும் குறுகும் வழியில் வேகம் பிடித்து வெளியேறும். விமான ரேடியேட்டர்களில் இதை விளக்கியவர் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடத்தில் 1930களில் பணியாற்றிய மெரிடித். இரண்டாம் உலகப் போர்க் கால பி-51 மஸ்டாங் விமானத்தின் வயிற்றுக்கடியில் தொங்கும் டக்ட்டைப் பார்த்தால் வடிவம் புரிந்துவிடும்: சின்ன வாய், பருத்த நடு, குறுகிய வால். காரில் அவ்வளவு நீள இடம் கிடையாது. அதனால் வாயின் விளிம்புகளையாவது உருட்டி விடுங்கள். கூர்மையான விளிம்பில் காற்று பிய்த்துக்கொண்டு சுழலும்.

வாய்க்கு முன்னால் இருப்பவற்றையும் பாருங்கள். நம்பர் பிளேட், கூடுதல் விளக்கு, ஹாரன் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து பாதி வழியை மறைத்துக்கொண்டிருக்கும்.

பானெட்டில் வென்ட் (சூடான காற்று வெளியேறும் துளை) வெட்டலாமா? எங்கே?

வெட்டலாம். ஆனால் இடம் தவறினால் கெடுதல்தான்.

பானெட்டின் முன்விளிம்பைத் தாண்டியதும் காற்று வளைந்து ஏறும் இடத்தில் அழுத்தம் குறைவு. ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், பானெட்டின் முன் மூன்றில் ஒரு பங்கில், வென்ட் இருந்தால் உள்ளே தேங்கிய சூட்டை மேலே இருக்கும் காற்றே உறிஞ்சி எடுத்துவிடும். துளையின் முன்னோரத்தில் ஒரு சின்ன உதடு எழுப்பினால் இன்னும் நல்லது. பின்னால், முன்கண்ணாடியின் அடியில், நிலைமை நேர்மாறு. அங்கே காற்று கண்ணாடியில் மோதி அழுத்தம் கூடி நிற்கும்.

பானெட்டின் பின்முனையை வாஷர் வைத்துத் தூக்கி விடும் பழக்கம் இருக்கிறதே, அதில் சிக்கல் இதுதான். நிற்கும்போது அந்தச் சந்து வழியாகச் சூடு ஆவிபோல் மேலே போவதைப் பார்த்து வேலை செய்கிறது என்று நம்பிவிடுகிறோம். வேகமெடுத்ததும் அதே சந்து வழியாக வெளிக்காற்று உள்ளே நுழைந்து, ரேடியேட்டரின் பின்பக்க அழுத்தத்தைக் கூட்டிவிடும். கோரின் முன்னும் பின்னும் இருக்கும் அழுத்த வித்தியாசம்தான் காற்றைத் தள்ளுகிறது. பின்னால் அழுத்தம் ஏறினால் முன்னால் எவ்வளவு பெரிய வாய் வைத்தும் பயனில்லை.

என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு விரல் நீளத்துக்குக் கம்பளி நூல் துண்டுகளை வெட்டி, பானெட் முழுக்க வரிசையாக டேப் போட்டு ஒட்டுங்கள். இன்னொரு காரிலிருந்து நண்பரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நூல் பின்பக்கமாக ஒழுங்காகப் படுத்திருக்கும் இடத்தில் காற்று ஒட்டி ஓடுகிறது. கண்ணாடி அடியில் ஒட்டிய நூல் துள்ளி, சில நேரம் முன்பக்கமாகவே திரும்பி நிற்பதை நான் பார்த்த அன்றே என் வாஷர்களைக் கழற்றிவிட்டேன்.

அடித்தட்டைக் கழற்றினால் காற்று நன்றாக வெளியேறாதா?

பெரும்பாலான கார்களில் வெளியேறாது. முன்பக்க அடித்தட்டு, பம்பரில் நுழைந்த காற்று கோரை அடையும் முன் கீழே நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. காருக்கு அடியில் ஓடும் காற்று எஞ்சின் அறைக்குள் ஏறிவராமலும் தடுக்கிறது. ஆயில் மாற்றும்போது கழற்றி, போல்ட் தொலைந்ததால் மாட்டாமல் விட்டு, அப்புறம் சூடாகிறது என்று வரும் மஸ்டா எம்எக்ஸ்-5 கார்கள் உண்டு. தட்டை மாட்டினாலே சரியாகிவிடும்.

ஏர் டேம் (பம்பருக்குக் கீழே இறங்கும் தடுப்பு), ஸ்பிளிட்டர் (பம்பரின் அடியில் முன்னால் நீளும் தட்டு) இரண்டும் கீழே அழுத்தத்தைக் குறைப்பதால் எஞ்சின் அறையிலிருந்து காற்று கீழ்வழியாக இறங்க உதவும்.

ஃபேன் எப்படி இருக்க வேண்டும்?

ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று இழுக்கும் ஃபேன், முன்னால் நின்று தள்ளும் ஃபேனைவிட நல்லது. முன்னால் இருப்பது ஓடும்போது வரும் காற்றையும் மறைக்கும்.

ஷ்ரவுட் இல்லாத ஃபேன் தன் வட்டத்துக்கு எதிரே இருக்கும் கோரை மட்டுமே குளிர்விக்கும். ஷ்ரவுட் கோரின் முழுப் பரப்பையும் மூட வேண்டும், ஃபேன் கோரிலிருந்து சில சென்டிமீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். ஆனால் முழுதாக மூடிய ஷ்ரவுட் அதிவேகத்தில் காற்றைத் தடுக்கும். அதற்காகத்தான் சில ஷ்ரவுட்களில் ரப்பர் மடிப்புக் கதவுகள் இருக்கும்: ஃபேன் ஓடும்போது ஒட்டி மூடிக்கொள்ளும், வேகத்தில் காற்றே அவற்றைத் தள்ளித் திறந்துவிடும்.

புதிதாக வயரிங் செய்த ஃபேன் தலைகீழாகச் சுற்றுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு தாளைக் கோரின் முன்பக்கம் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

முன்னால் இன்டர்கூலர் வைத்தேன். அன்றிலிருந்து தொல்லை.

இன்டர்கூலர் என்பது டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்னொரு கோர். அதைக் கடந்து வரும் காற்று ஏற்கெனவே சூடானது, வேகமும் இழந்தது. ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரும் இருந்தால் மூன்று கோர்கள் வரிசையாக நிற்கின்றன. தேவைக்கு மேல் பெரிய இன்டர்கூலர் வாங்காதீர்கள். மூன்றுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிகளையும் பக்கவாட்டில் அடையுங்கள். இல்லையென்றால் காற்று முதல் கோரைத் தாண்டியதும் நழுவிவிடும்.

இடம் இருந்தால் நல்ல தீர்வு ரேடியேட்டரையும் இன்டர்கூலரையும் பிரிப்பதுதான். மஸ்டா ஆர்எக்ஸ்-7இன் எஃப்டி தலைமுறைக்காரர்கள் விரும்பும் அமைப்பு ஒன்று உண்டு: ரேடியேட்டர் கீழே சாய்ந்தும் இன்டர்கூலர் மேலே சாய்ந்தும், பக்கவாட்டில் பார்த்தால் படுத்த ‘வி’ எழுத்துபோல் இருக்கும். வாயில் நுழையும் காற்று இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் குளிர்ந்த காற்றே கிடைக்கிறது. இன்டர்கூலர் காற்று பானெட் வென்ட் வழியாகவும், ரேடியேட்டர் காற்று கீழேயும் போகும். வேலை அதிகம்தான், ஆனால் செய்தால் பலன் உண்டு.

கூலன்டில் எவ்வளவு தண்ணீர்?

வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரை மிஞ்சியது இல்லை. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.18 கிலோஜூல் வேண்டும். பாதிக்குப் பாதி கிளைகால் (உறையாமல் தடுக்கும் திரவம்) கலவைக்குச் சுமார் 3.5 போதும். உறைபனி இல்லாத இடத்தில் கிளைகாலைக் குறைத்து, அரிப்புத் தடுப்பு மருந்து சேர்த்த காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றலாம். பல டிராக்குகளில் கிளைகாலுக்கு அனுமதியே இல்லை, சிந்தினால் வழுக்கும் என்பதால். வெறும் தண்ணீர் மட்டும் வேண்டாம், அலுமினியம் அரித்துவிடும்.

ரேடியேட்டர் மூடியை மறக்காதீர்கள். 1.1 பார் மூடி நன்றாகப் பிடித்தால் தண்ணீரின் கொதிநிலை 100லிருந்து சுமார் 121 டிகிரிக்கு ஏறும். அதன் ரப்பர் இறுகிப்போனால் அந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியலாமா?

வேண்டாம். தெர்மோஸ்டாட் என்பது கூலன்ட் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு. பல எஞ்சின்களில் அது முழுதாகத் திறக்கும்போதுதான் ரேடியேட்டரைத் தவிர்த்துப் போகும் பைபாஸ் வழி மூடும். அதைக் கழற்றினால் கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டிருக்கும். குறைந்த வெப்பத்தில் திறக்கும் தெர்மோஸ்டாட்டும் சூட்டைக் குறைக்காது. 88க்குப் பதில் 76இல் திறந்தால் ஓட்டம் சீக்கிரம் தொடங்கும், அவ்வளவே. ரேடியேட்டருக்குச் சக்தி போதவில்லை என்றால் இரண்டும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்.

கூலன்ட் வேகமாக ஓடினால் சூட்டை விட நேரம் கிடைக்காது என்று சொல்வதும் தவறு. ஓட்டம் கூடினால் ரேடியேட்டரின் சராசரி வெப்பநிலை கூடி, அது இன்னும் அதிக வெப்பத்தை வெளியே விடும்.

கூலன்ட் சரியாக இருக்கிறது, ஆயில் மட்டும் 130ஐத் தொடுகிறது.

தனி ஆயில் கூலர் தேவை. 80 டிகிரியை ஒட்டித் திறக்கும் தெர்மோஸ்டாட் உள்ள சாண்ட்விச் பிளேட்டோடு (ஆயில் ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே மாட்டும் தட்டு) வையுங்கள்; இல்லையென்றால் சாதாரண ஓட்டத்தில் ஆயில் சூடேறவே நேரம் பிடிக்கும். டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் வைத்திருப்பவர்கள் டிராக்குக்குப் போகும் முன் முதலில் செய்யும் மாற்றம் இதுதான். கூலரை ரேடியேட்டருக்கு நேர் முன்னால் தொங்கவிடாமல், பம்பரின் மூலையில் தனி வாயும் சக்கர வளைவுக்குள் தனி வெளிவழியும் கொடுங்கள்.

டேஷ்போர்டு முள் நடுவிலேயே நிற்கிறது. அதை நம்பலாமா?

முடியாது. பல கார்களில் ஒரு பெரிய வெப்பநிலை எல்லை முழுவதற்கும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். அது நகரும்போது ஏற்கெனவே தாமதம். காரின் கம்ப்யூட்டரிலிருந்து எண்களைப் படிக்கும் ஓபிடி ரீடரோ தனி கேஜோ வைத்து எண்ணைப் பாருங்கள்.

காற்றுக்குச் சம்பந்தமில்லாத காரணங்கள் என்னென்ன?

கூலன்டில் காற்றுக்குமிழி தங்கியிருப்பது, தேய்ந்த வாட்டர் பம்ப், உறிஞ்சலில் தட்டையாகும் கீழ் ஹோஸ், பின்தங்கிய இக்னிஷன் டைமிங், எரிபொருள் குறைந்த கலவை. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்போல் இறுகினால், ஹெட் காஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்பு) வழியாக சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்டுக்குள் கசிகிறதா என்று சோதியுங்கள்.

சில எஞ்சின்களில் கூலன்ட் ஓடும் பாதையே காரணம். முதல் இரண்டு தலைமுறை எம்எக்ஸ்-5இன் எஞ்சின் முன்சக்கர ஓட்டக் காருக்காகப் பிறந்தது. அதை நீளவாக்கில் திருப்பி வைத்தபோது கூலன்ட் நுழைவதும் வெளியேறுவதும் முன்பக்கமாகவே அமைந்தன. அதனால் பின்னால் இருக்கும் நான்காவது சிலிண்டருக்கு ஓட்டம் குறைவு. டர்போ போடுபவர்கள் வெளிவழியைப் பின்பக்கத்துக்கு மாற்றுவது இதற்காகத்தான்.

சுத்தமும் முக்கியம். 1990களின் இறுதியில் வந்த 996 தலைமுறை போர்ஷே 911இல் ரேடியேட்டர்கள் முன்பம்பரின் மூலைகளில் இருக்கும். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சருகு சேர்ந்து அடை அடையாக நிற்கும், வெளியிலிருந்து தெரியாது. எந்தக் காரானாலும் பம்பரைக் கழற்றி, பின்னிருந்து முன்னாக, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிரஷர் வாஷர் ஃபின்களை மடக்கிவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது சூடு ஏறினால்?

ஏசியை அணைத்து, ஹீட்டரையும் அதன் ஃபேனையும் முழுதாகத் திறந்து, பெடலை லேசாக்குங்கள். ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். ஆவி வந்தால், எண் தொடர்ந்து ஏறினால், ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும்.

செய்த வேலை பலித்ததா என்று எப்படி அளப்பது?

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட் முழுதாகத் திறந்த பிறகு, ஒரே ஓட்டத்துக்குக் கூலன்ட் வெப்பநிலை வெளிக்காற்றோடு சேர்ந்தே ஏறி இறங்கும். 25 டிகிரி நாளில் 95இல் நின்ற கார், 40 டிகிரி நாளில் 110ஐ நெருங்கும். குளிர்ந்த காலையில் சோதித்துவிட்டு டக்ட் வேலை செய்தது என்று முடிவு கட்டினால், கோடையில் ஏமாந்துபோவீர்கள். கூலன்ட் எண்ணிலிருந்து வெளிக்காற்று எண்ணைக் கழித்து, அந்த வித்தியாசத்தை மட்டும் ஒப்பிடுங்கள்.

இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால் மெல்லிய தெளிவான குழாய் ஒன்றை எடுங்கள். ஒரு முனை கோருக்கு முன், இன்னொரு முனை கோருக்குப் பின், நடுவில் ‘யு’ வடிவில் வளைத்துச் சாயத்தண்ணீர் ஊற்றி, பக்கத்து சீட்டில் இருப்பவர் கண்ணெதிரே ஓர் அளவுகோலோடு ஒட்டுங்கள். மூடிய டிராக்கில் 100 கி.மீ. வேகத்தில் சீராக ஓட்டுங்கள். அந்த வேகத்தில் முன்முகத்தில் விழும் முழு அழுத்தமே 47 மி.மீ. தண்ணீர்தான். அதில் எத்தனை மில்லிமீட்டர் வித்தியாசம் கோருக்குக் கிடைக்கிறது என்று அவர் படித்துச் சொல்லட்டும். ஃபோம் ஒட்டுவதற்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை.